சௌந்திரம் போட்டுப் பார்த்த ஸ்வெட்டர்

புதிதாக வரும் பின்னல் டிசைன் எதையும் சௌந்திரம் முதல் பார்வையில் நம்பியதில்லை. கைப்பேசியில் வரும் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்ப்பார். ஸ்வெட்டர் போட்டிருக்கும் பெண் ஏன் முதுகைக் காட்டவில்லை, பின்னால் கிளிப் குத்தி இறுக்கியிருக்கிறார்களா, முடியை எதற்காகத் தோளில் விரித்துவிட்டிருக்கிறாள், அங்கே என்ன கோணல் என்று யோசனை ஓடும். "அழகா நிக்கிறவ மேல எல்லாத் துணியும் அழகாத்தான் இருக்கும். குனிஞ்சு வாசல் கூட்டச் சொல்லுங்க பாக்கலாம்" என்பார்.

அவர் பிறந்தது மோகனூர்ப் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்தில். கட்டிக்கொடுத்தது சேந்தமங்கலத்துக்கு. கணவர் மயில்சாமி, நாமக்கல் லாரி கம்பெனி ஒன்றின் லூதியானா புக்கிங் ஆபீசைப் பார்த்துக்கொண்டிருந்ததால், கல்யாணமான புதிதில் சில வருடங்கள் அங்கே குடியிருந்தார்கள். மொழி தெரியாத ஊர். குளிர்கால வெயிலில் மொட்டை மாடியில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்களின் விரல்களைப் பார்த்துப் பார்த்தே சௌந்திரம் பின்னக் கற்றுக்கொண்டார்.

முதல் ஸ்வெட்டர் மயில்சாமிக்கு. போட்டுப் பார்த்தவர், "அருமையா இருக்குது புள்ள" என்றார். தினமும் அதைப் போட்டுக்கொண்டுதான் கிளம்பினார். ஒருநாள் அவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு சௌந்திரம் ஆபீசுக்குப் போனார். அந்த ஸ்வெட்டர் நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. கடையில் வாங்கிய இன்னொன்றை மயில்சாமி போட்டிருந்தார். பின்னலின் கழுத்துப் பட்டி உரசி உரசி அவருக்குத் தோல் தடித்துப் போயிருந்தது.

"நீ சங்கடப்படுவீன்னு சொல்லல" என்றார்.

சங்கடம் சில நாளில் தீர்ந்தது. யாராவது "நல்லா இருக்குது" என்றால் நம்பாத குணம் மட்டும் நிலைத்துவிட்டது.

ஊர் திரும்பிய பிறகு அந்தக் குணமே அவருக்கு வேலையானது. பின்னல் டிசைன்களை எழுதி இணையத்தில் விற்பவர்கள், விற்பதற்கு முன் அவருக்கு அனுப்புவார்கள். அதில் எழுதியிருப்பதை ஒரு கண்ணி மாற்றாமல் அப்படியே பின்னி, போட்டுப் பார்த்து, உடுத்த லாயக்கா இல்லையா என்று அவர் சொல்ல வேண்டும். பெரும்பாலும் பருத்தி நூல்தான். சேந்தமங்கலத்து வெயிலில் உல்லனுக்கு வேலையில்லை. புடவைக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு மாட்டுக்குச் சோளத்தட்டு போடுவார், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு நாமக்கல் போய் வருவார், துவைத்துக் கட்டிலில் விரித்துக் காயவைப்பார். அப்புறம்தான் தீர்ப்பு. அது பாராட்டாக இருந்தது அபூர்வம்.

அவருக்கு டிசைன் அனுப்புகிறவர்களில் சேலத்துத் தமிழினி மட்டும் நேரிலும் வருவாள். முப்பது வயதுக்காரி. ஒவ்வொரு டிசைன் முடியும்போதும் ஸ்கூட்டரிலேயே சேந்தமங்கலம் வந்து, சௌந்திரத்தை நடக்கச் சொல்லி, உட்காரச் சொல்லி, திட்டையும் வாங்கிக்கொண்டு போவாள். போன கோடைக்குப் பிறகு அவள் வருவது நின்றுவிட்டது. போன் செய்தால் எடுப்பதில்லை. எழுத்தில்தான் பதில்.

கார்த்திகையில் அவளிடமிருந்து ஒரு டிசைன் வந்தது. முன்பக்கம் பட்டன் வைத்த ஸ்வெட்டர். இடது தோளின் மேலேயும் கழுத்திலிருந்து கை வரைக்கும் பட்டன்கள். கூட இருந்த படத்தில் ஸ்வெட்டர் தரையில் விரித்துக் கிடந்தது, போட்டுக்கொள்ள ஆளில்லை.

"ஆள் மேல போட்டு எடுக்காத படமா?" என்று சௌந்திரத்துக்கு அப்போதே உறுத்தியது. ஆனாலும் எழுதியபடி பின்னினார். பின்னி முடித்துப் போட்டால், இடது கைக்குழி வலதைவிட அகலமாகவும் இறக்கமாகவும் இருந்தது. இடது கை தொளதொளவென்று பை மாதிரித் தொங்கியது. மயில்சாமி பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் உனக்கு, ஒரு பக்கம் எனக்குப் பின்னுனியா?" என்று சிரித்தார்.

இடது கைக்குழி தப்பு என்று சௌந்திரம் செய்தி அனுப்பினார். "தப்பில்லீங்க அக்கா. அப்படித்தான்" என்று பதில் வந்தது. ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

குமாரபாளையத்தில் இதே வேலை செய்யும் ரஞ்சிதாவைக் கூப்பிட்டார். அவளுக்கும் அதே டிசைன், அதே பதில்.

"எங்கியோ திருடுனதுங்க அக்கா. பின்னிப் பாக்காமயே காப்பி அடிச்சிருக்கா. அதான் தப்பு எதுன்னு அவளுக்கே தெரியல" என்றாள் ரஞ்சிதா.

சௌந்திரத்துக்கு அது பொருந்தி வந்தது. வராமல் இருப்பது, போனை எடுக்காதது, ஆளில்லாத படம், எல்லாவற்றுக்கும் அந்த ஒரு காரணம் போதும். பின்னிப் பார்த்தவர் என்று தன் பெயரையும் சேர்த்துப் போட்டு விற்பாளே! தை மாதத்துப் பனியில் ஒரு காலை, அந்தக் கோணல் ஸ்வெட்டரையே மாட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் சேலத்துக்கு பஸ் ஏறினார். வழியெல்லாம் எதிர்க்காற்று தொங்கிய கைக்குள் புகுந்து குளிர்ந்தது. ஒவ்வொரு குளிருக்கும் கோபம் ஏறியது.

கதவைத் திறந்தது தமிழினியேதான். அதே ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள். தலைமுடி பையன்களுடையதைப் போல ஒட்ட இருந்தது.

சௌந்திரம் பழக்கப்படி முதலில் பார்த்தது ஸ்வெட்டரைத்தான். அவள் மேல் அது ஒரு சுருக்கம் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. ஸ்வெட்டரின் இடது கை நிறைந்திருந்தது. அப்புறம்தான் அதற்குள் இருந்த அவள் கை வலது கையைவிடப் பருத்து வீங்கியிருப்பது கண்ணில் பட்டது.

"மார்புல கட்டிங்க அக்கா" என்றாள் தமிழினி. "எடுத்துட்டாங்க. அக்குள்லயும் எடுத்தாங்க. பொறவு கை வீங்கிருச்சு, மேல தூக்க வரல. எந்தச் சட்டையும் ஏறல. அதான் தோள்ல பட்டன்."

"என்ற கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா நீங்களும் நல்லா இருக்குதுன்னுருவீங்க. இப்ப ஊட்டுக்கு வர்ற எல்லாரும் எனக்கு அதத்தான் சொல்றாங்க."

சௌந்திரம் நாற்காலியில் உட்கார்ந்தார். வழி நெடுக இந்தப் பெண்ணைத் திருடி என்று திட்டிக்கொண்டு வந்ததை நினைத்து முகம் சூடானது. அதை அவளிடம் சொல்லவும் செய்தார். "திருடீட்டீன்னு நெனச்சுத்தான் கண்ணு வந்தேன்."

தமிழினி சிரித்துவிட்டாள். "அவ்வளவு கேவலமாவா எழுதியிருந்தேன்?"

அழுகை வந்துவிடுமோ என்று சௌந்திரத்துக்குப் பயம். அழுதால் இவள் வெறுப்பாள் என்று தோன்றியது. சட்டென்று எழுந்து, "நட பாக்கலாம்" என்றார். நடந்தாள். உட்காரச் சொன்னார். பட்டனை ஒரு கையால் கழற்றி மாட்டச் சொன்னார். தோளில் கழுத்தருகே இருந்த பட்டன், தோளில் பையின் வாரை மாட்டினால் குத்தும் என்றார். கடைசியில் இடது மணிக்கட்டைப் பிடித்தார்.

"இந்தப் பட்டி கடிக்குதா?"

"இல்லீங்க."

சௌந்திரம் நம்பவில்லை. பட்டியை மெல்ல மேலே தள்ளினார். வீங்கிய தோலில் பின்னலின் வரிவரியான தடம் சிவந்து பதிந்திருந்தது.

"இதென்ன?"

தமிழினி தலையைக் குனிந்துகொண்டாள். "பட்டி இல்லீன்னா பாக்க அசிங்கமா இருக்குமேன்னு..."

"கையவிட ஸ்வெட்டர் அழகு முக்கியமா உனக்கு? கழட்டு."

மத்தியானம் முழுக்க இருவரும் அந்தப் பட்டியைப் பிரித்தார்கள். இறுக்கமில்லாத ஒரு விளிம்பை மூன்று விதமாகப் பின்னிப் பார்த்து, இரண்டை சௌந்திரம் தள்ளுபடி செய்தார். சாப்பாட்டைக்கூட மறந்து, கைக்குழியின் ஆழத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள். கோடைக்குப் பிறகு தன்னிடம் ஒருத்தர் குரலை உயர்த்திப் பேசியது அன்றுதான் என்று தமிழினி பிறகு ஒருமுறை சொன்னாள்.

மாசியில் டிசைன் விற்பனைக்கு வந்தது. யாருக்கான ஸ்வெட்டர் என்பதைத் தமிழினி முதல் வரியிலேயே எழுதினாள். எந்தக் கை வேண்டுமோ அந்தக் கைக்கு மாற்றிக்கொள்ளும் வழியும் அதில் இருந்தது. படத்தில் அவளே நின்றாள், முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு. அவள் எழுதிய மற்ற டிசைன்களைவிட இது குறைவாகத்தான் போனது. ஆனால் வாங்கியவர்களில் சிலர் நீளமாக எழுதினார்கள். ஆத்தூரிலிருந்து ஒருவர் தன் தாயாருக்குப் பின்னிக் கொடுத்ததாகச் சொன்னார். சௌந்திரம் அவருடைய எண்ணை வாங்கி, அந்த அம்மாவிடமே பேசி, மணிக்கட்டைப் பற்றி விசாரித்த பிறகுதான் நிம்மதியானார். விஷயம் தெரிந்த ரஞ்சிதா, தமிழினியைக் கூப்பிட்டு வெகுநேரம் அழுதாளாம்.

பங்குனியில் தமிழினி போன் செய்தாள். "டாக்டரு எல்லாஞ் செரியா இருக்குதுன்னுட்டாருங்க அக்கா."

"அடுத்த தடவ நானும் வாரேன்" என்றார் சௌந்திரம்.

சொன்னபடி போனார். டாக்டர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எதையும் மறைக்காம சொல்லுங்க" என்றார். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, பொறுமையாக ஒவ்வொரு இடமாகக் காட்டினார். ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார். சௌந்திரம் அந்தப் படத்தை இன்னும் கொஞ்சம் நேரம் கிட்டப்போய்ப் பார்த்தார்.

வெளியே வந்ததும் தமிழினி கேட்டாள், "இப்பவாச்சும் நம்புறீங்களா?"

"ஆறு மாசங் கழிச்சுச் சொல்றேன்" என்றார் சௌந்திரம். ரோட்டோரத்தில் இளநீர் சீவிக்கொண்டிருந்தவரிடம், நல்லதாக இரண்டு பார்த்து வெட்டச் சொன்னார்.