போகத்தான் வேண்டும் என்று பேசினேன்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துக்கும் பேச்சுக்கும் சனிக்கிழமைகளில் ஒரு கல்லூரி வகுப்பு நடத்துகிறது, பரீட்சைப் பெறுபேறு தேவையில்லை என்று பத்திரிகையில் பார்த்துத்தான் போனேன். அப்படியிருந்தும் பெறுபேற்றைக் கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து நித்திரை கெட்டதுதான் மிச்சம். யாரும் கேட்கவில்லை.

வகுப்பில் எனக்கு ஒன்று மட்டும் சுலபமாக வந்தது. "ஒரு கருத்தைச் சொல்ல முதல், எதிராளி என்ன மறுப்புச் சொல்லுவார் எண்டு யோசியுங்கோ" என்றார் விரிவுரையாளர். என்னைவிட வயது குறைந்த பெண். மற்றவர்கள் பேனையைக் கடித்துக்கொண்டிருக்க, நான் பக்கத்தை நிரப்பினேன். காஸ் அடுப்பை நிற்பாட்டினேனா, பஸ்ஸுக்குப் பிரேக் பிடிக்குமா என்று நாள் முழுக்க நான் செய்வது அந்த வேலைதானே. வாசித்துவிட்டு அவர் சிரித்தார். "அக்கா, உங்களோடை ஒருத்தரும் வழக்குப் பேச ஏலாது."

வீட்டில் வேறொரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. நீர்வேலியில் எங்களுக்கு வாழைத்தோட்டம். அடுத்தடுத்து வந்த காற்று குலையோடு மரங்களைச் சாய்த்ததில் என் கணவருக்கு மனம் விட்டுப்போயிற்று. அந்த நேரம் பார்த்து, கனடாவுக்குப் போக ஒரு வழி வந்தது. போவதா விடுவதா என்று தவித்தார். அவரைப் பிடித்து வைத்திருந்தவை என் பயங்கள்தாம். குளிர் உங்களுக்கு ஒத்துவராது, இந்த வயதில் யார் வேலை தருவார்கள், பிள்ளைகள் தகப்பன் இல்லாமல் வளரவேண்டுமா? "அதுவும் சரிதான்" என்றுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார்.

வகுப்பின் முடிவில் பட்டிமன்றம் வைத்தார்கள். ஊரில் இருப்பதா, வெளிநாடு போவதா என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் எனக்குப் போகிற அணி விழுந்தது.

"மிஸ், மற்றப் பக்கத்தைத் தாங்கோ. நான் அதைத்தான் நம்புறன்."

"நம்பாததைப் பேசிக் காட்டுறதுதான் அக்கா படிப்பு."

பேசினேன். எதிரணி என்ன சொல்லும் என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. எல்லாம் நான் வீட்டில் சொன்னவை. ஒவ்வொன்றாக எடுத்து அடித்தேன். குளிருக்குச் சட்டை இருக்கிறது, மனம் விறைத்துப்போனால் அதற்கு என்ன சட்டை போடுவது என்று கேட்டேன். ஒவ்வொரு நாளும் தோற்றுப்போய் வருகிற தகப்பனின் முகத்தைப் பார்த்தா பிள்ளைகள் வளரவேண்டும் என்றும் கேட்டேன். மண்டபம் கைதட்டியது. எங்கள் அணி வென்றது. வேட்டி கட்டி, மூன்றாவது வரிசையில் இருந்த என் கணவர் மட்டும் கையை மடியில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தோம். படலையில் இறங்கியதும் சொன்னார்: "நல்லாப் பேசினீர்."

"அது சீட்டிலை விழுந்ததப்பா."

"ஓம். எண்டாலும் அதுக்கு மறுமொழி என்னட்டை இல்லை."

அதன்பிறகு நான் எதைச் சொன்னாலும் என் பதிலே எனக்குத் திரும்பி வந்தது.

"அங்கத்தைக் குளிர்..."

"குளிருக்குச் சட்டை இருக்கெண்டு நீர்தானே சொன்னனீர்?"

"போட்டிக்காகச் சொன்னனான்."

"பொய்யை உப்பிடி ஒருத்தராலும் சொல்ல ஏலாதப்பா." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. வெறுமனே "போகாதேங்கோ" என்று கெஞ்சினேன். காரணம் கேட்டார். என்னிடம் இருந்த காரணங்களை எல்லாம் நானே மேடையில் வைத்து உடைத்துவிட்டேனே.

போய்விட்டார். அங்கே ஒரு குளிர்களஞ்சியத்தில் இறைச்சிப் பெட்டி தூக்குகிறார். அண்மையில் ஒருநாள் போன் எடுத்தவர், வழக்கம்போலப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்காமல், "இஞ்சாரும், நான் திரும்பி வந்திடட்டோ?" என்றார்.

ஓம் என்ற ஒரு சொல் போதும். அதற்குள் எனக்கு மறுப்புகள் வரத் தொடங்கிவிட்டன. வந்தபிறகும் தோட்டம் கைவிட்டால்? ஊர் சிரித்தால்? உம்மாலைதான் போனனான், உம்மாலைதான் திரும்பி வந்தனான் என்று ஒருநாள் சொன்னால்?

"உங்களுக்கு என்ன மாதிரிப் படுது?" என்று கேட்டேன்.

"சரி, வேலைக்கு நேரமாகுது" என்றார்.

அவர் திரும்ப அதைக் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் நான் ஓம் என்று தொடங்க நினைக்கிறேன். பிள்ளைகளின் ரியூஷனைப் பற்றிக் கதைத்துவிட்டு வைக்கிறேன்.