ஜெசிந்தா மிஸ்ஸும் கல்லூரியின் ஒரே கணினியும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை கல்லூரி அலுவலகத் தொலைபேசி ஒலித்தபோது எடுத்தவன் நான். கல்லலிலிருந்து ஜெசிந்தா மிஸ்ஸின் தம்பி அமலன் பேசினார்.

"சேது சாரா? அக்கா தவறிட்டாக சார். காலேஜுக்குக் கெளம்பிக்கிட்டிருந்தவுக நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாக. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

அன்று மிஸ்ஸுக்குப் பதினொரு மணிக்கு வகுப்பு இருந்தது. காத்திருந்த மாணவிகளிடம் போய்ச் சொன்னவனும் நான்தான். அவருக்கு வயது நாற்பத்து மூன்று.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். காரைக்குடியிலுள்ள எங்கள் மகளிர் கல்லூரியில் ஜெசிந்தா மிஸ் இயற்பியல் செய்முறை வகுப்புகளைக் கவனித்து வந்தார். பதினைந்து ஆண்டுகள் கல்லலிலிருந்து பேருந்தில் வந்துபோனார். நான் அலுவலக எழுத்தர். அவருக்கும் எனக்கும் பழக்கம் ஏற்பட்டது கல்லூரிக்கு முதல் கணினி வந்த பிறகு. கண்ணாடித் தடுப்புக்குள் அதை வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்வந்த காலம் அது. ஒருநாள் பெட்டிக்குள் கடகடவென்று சத்தம் கேட்டது. விற்ற கடைக்காரர் மதுரையிலிருந்து வர நான்கு நாளாகும் என்றார். மிஸ் கைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து மூடியைக் கழற்றிவிட்டார். உள்ளே சுழலும் விசிறியில் ஒரு வயர் உரசிக்கொண்டிருந்தது.

நான் பதறியதைப் பார்த்து, "இங்குட்டு வந்து நல்லாப் பாத்துக்கங்க சார். பாத்துட்டீகன்னா அப்புறம் பயம் வராது" என்றார்.

அடுத்த ஆண்டு மாலைநேரக் கணினிச் சான்றிதழ் வகுப்பு தொடங்கியது. இருபத்திரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். பாடத்திட்டத்தில் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் செய்முறை ஒரு தாள். எங்களிடம் இருந்ததோ விண்டோஸ் 95 போட்ட அந்த ஒரே பெட்டி. இன்னொன்று வாங்க வழியில்லை. செய்முறைக்கு வசதி இல்லையென்றால் வகுப்பை மூடிவிடுவார்கள் என்று தெரிந்ததும், மிஸ் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து லினக்ஸ் குறுந்தகடு வாங்கி வந்தார். யூனிக்ஸ் போலவே இயங்கும், காசு கொடுக்க வேண்டியதில்லை என்றார்.

"ஒரே பெட்டியில ரெண்டையும் வச்சுக்கிறலாம் சார். ஹார்டு டிஸ்க்க ரெண்டாப் பிரிச்சு, ஒரு பக்கம் உங்க விண்டோஸ், மறுபக்கம் லினக்ஸ். காலையில நீங்க வேலை பாருங்க, சாயந்தரம் பிள்ளைக படிக்கட்டும்."

"பிரிக்கையில என் மார்க்கு ஃபைலுக்கு ஏதும் ஆச்சுன்னா மிஸ்?"

"அதுக்குத்தான சொல்றேன், எல்லாத்தையும் பிளாப்பியில காப்பி எடுத்து வச்சிருங்க. நீங்க எடுத்துட்டேன்னு சொன்னாத்தான் நான் கை வைப்பேன்."

அலுவலக வேலை கெடக்கூடாது என்ற நிபந்தனையோடு முதல்வர் சம்மதித்தார். விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை மிஸ் வந்து உட்கார்ந்தார். "காப்பி எடுத்துட்டீகளா சார்?" என்று கேட்டார்.

"எடுத்துட்டேன் மிஸ்" என்றேன்.

முழுவதும் எடுக்கவில்லை. முதலாண்டும் இரண்டாமாண்டும் எடுத்தாயிற்று. மூன்றாமாண்டு மதிப்பெண்ணைப் போட்ட பிளாப்பி பழுதாகிவிட்டது. வேறு வாங்கி வர முந்தின நாள் சோம்பலாக இருந்தது. என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்துவிட்டேன்.

டிஸ்க்கைப் பிரிக்கும் வேலை பழுதில்லாமல் முடிந்தது. பிறகு லினக்ஸை நிறுவும்போது, எந்தப் பாகத்தைத் துடைத்துவிட்டு எழுதுவது என்று திரையில் கேள்வி வந்தது. இரண்டாம் பாகம் என்று தட்ட வேண்டிய மிஸ் முதல் பாகத்தைத் தட்டிவிட்டார். அதைத் தானே உணர்ந்து விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"சார், தப்புப் பண்ணிட்டேன். விண்டோஸ் இருந்த பக்கத்தை அழிச்சுட்டேன். பிளாப்பியக் குடுங்க, திருப்பிப் போட்டுறலாம்."

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன்.

"வாயத் தெறந்து இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மத்தியானம் வச்சுக்கிருவோம்னு இருந்திருப்பேனே சார்!"

மூன்றாமாண்டு மதிப்பெண்கள் வெள்ளிக்கிழமைக்குள் பல்கலைக்கழகத்துக்குப் போயாக வேண்டும். குறிப்பேடுகள் விடுமுறையில் இருந்த ஆசிரியைகளின் வீடுகளில் கிடந்தன. திங்களன்று முதல்வர் கூப்பிட்டுக் கேட்டபோது, "என் கைத்தவறு மேடம். வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணிருவேன்" என்று மட்டும் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. முதல்வர் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். அதைத் தட்டச்சு செய்தவனும் நான்தான்.

அந்த வாரம் டவுன் பஸ்ஸில் அலைந்தார். நாச்சியாபுரத்தில் ஒருவர் வீடு, தேவகோட்டையில் ஒருவர் வீடு என்று போய்க் குறிப்பேடுகளைக் கொண்டுவந்தார். நான் பழைய தட்டச்சுப் பொறியில் அடிக்க, எதிரே உட்கார்ந்து வாசித்தார். பெயர், எண், மதிப்பெண். அதைத் தவிர என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வியாழன் மாலை பட்டியல் முடிந்தது.

அடுத்த வாரமே விண்டோஸை மறுபடி போட்டு, அதன் பக்கத்தில் லினக்ஸையும் நிறுவினார். இந்த முறை ஒவ்வொரு கேள்வியையும் சத்தமாக வாசித்து, நான் சரி என்ற பிறகே பொத்தானை அழுத்தினார். கணினியைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்டுத் திரை நின்றது.

"நீங்க ஒண்ணும் தட்ட வேணாம். பத்து விநாடி சும்மா இருந்தீகன்னா உங்க விண்டோஸ் தானா வந்துரும். பிள்ளைகதான் லினக்ஸுன்னு தட்டணும்" என்றார். கோபம் தணிந்துவிட்டது என்று அதைக் கேட்டதும் புரிந்துகொண்டேன். இருபத்திரண்டு பெண்களும் அந்தத் தாளை எழுதினார்கள். வகுப்பு இன்றும் நடக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். சென்ற ஆண்டு கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாளர் பதவி வந்தது. அவருக்குத்தான் கிடைக்கும் என்று எல்லோரும் நினைத்தோம். கோப்பில் பழைய மெமோ இருந்தது. பதவி வேறொருவருக்குப் போனது. அன்று மாலை பேருந்து நிறுத்தம் வரை கூடவே நடந்துபோய், "நான் மேடத்துட்ட எல்லாத்தையும் சொல்லிர்றேன் மிஸ்" என்றேன்.

"அழிச்சது என் கைதான சார். அது மாறாதுல்ல?" என்றார். கொஞ்சதூரம் நடந்தபின், "ஆனா நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாம். எனக்கு வருத்தம் இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றார். கல்லல் பேருந்து வந்தது. ஏறிக்கொண்டார். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனாலும் நான் போகவில்லை. நாளை, நாளை என்று ஓராண்டு போய்விட்டது.

புதன்கிழமை கல்லல் தேவாலயத்தில் பூசை முடிந்து கல்லறைக்கு எடுத்துச் சென்றோம். வெளியூரில் வேலைக்குப் போய்விட்ட பழைய மாணவிகள் கூட வந்திருந்தார்கள். அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சேது சாருதான? ஒங்களப் பத்தி அடிக்கடி சொல்லும். ஒத்தாசையான மனுசருன்னு" என்றார்.

வியாழக்கிழமை காலை முதல்வரிடம் நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவர் இருமுறை படித்தார். "இத்தனை நாளா ஏன் சொல்லல?" என்று கேட்டார். அவர் மணியடித்து ஜெசிந்தா மிஸ்ஸின் கோப்பை வரவழைத்தார். என் கடிதத்தைத் தம் கையாலேயே அதில் பழைய மெமோவுக்கு மேல் கோத்தார்.

மிஸ், இனி அந்தக் கோப்பை யார் திறந்தாலும் இரண்டு பேர் தவறும் தெரியும். நீங்கள் இருக்கும்போது செய்திருக்க வேண்டியது. தாமதத்துக்கு மன்னியுங்கள். போய் வாருங்கள்.