பொகவந்தலாவைச் சிலந்தி

பொகவந்தலாவைக்கு மேலே, தேயிலை நிரையொன்றில் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எதிரே முக்காலியில் கேமரா. அதற்கும் எதிரே, இரண்டு செடிகளுக்கு நடுவே வலை. எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்து, பெருக்கல் குறிபோல நிற்கிறது சிலந்தி. பிலிம் சுருளில் மிச்சம் ஒரே படம். மூட்டத்தில் வெளிச்சம் போதவில்லை. காற்றோ கிளையை விடுவதாயில்லை. திட்டிக்கொண்டே காத்திருக்கிறேன்.

கீழே கேட்டுக்கொண்டிருந்த பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது. திரும்பினால், கொழுந்துக் கூடைகளோடு ஏறிவந்த பெண்கள் தலைத்துணியை மூக்குவரை இழுத்துக்கொண்டு நிற்கிறார்கள். முன்னால் நிற்பவள் கேட்கிறாள்.

"யாருங்க நீங்க? தொரை அனுப்புன ஆளா?"

"இல்லம்மா. இந்தச் சிலந்தியத்தான் படம் எடுக்கிறேன்."

"போன ஸ்ட்ரைக்குல வந்தவரும் மலையத்தான் எடுக்கிறேன்னாரு. படத்துல விழுந்த ஆளுங்களுக்கெல்லாம் வேலையில்லன்னு பத்துச்சீட்டக் குடுத்து, குடியிருந்த லயத்த விட்டே அனுப்பிட்டாங்க."

விலகி, அவளையே பார்க்கச் சொல்கிறேன். குனிந்து கேமராவின் கண்ணாடியில் வெகுநேரம் பார்க்கிறாள்.

"நெசமாவே பூச்சிதான்," என்று மற்றவர்களிடம் சொல்கிறாள். யாரும் தலைத்துணியை விலக்கவில்லை.

"சீக்கிரம் எடுத்துட்டு நகருங்க. கங்காணி வந்தா எங்களத்தான் ஏசுவாரு."

சொல்லிவிட்டு அவளே கைநீட்டி, ஆடுகிற கிளையைப் பிடிக்கிறாள். வலை அசையாமல் நிற்கிறது. பொத்தானில் விரல் வைக்கிறேன்.

"இருங்க. என் கையும் விழுமா?"

"ஓரத்துல விழும்."

கிளையை விடுகிறாள். மணிக்கட்டிலிருந்த பித்தளைக் காப்பை முறுக்கிக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, மறுபடி கிளையைப் பிடிக்கிறாள்.

"இப்ப எடுங்க."