சின்னத் தொட்டியில் ஆறு கடல்மீன்கள்

எண்பதுகளில் நான் நல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பித்தேன். ஒருநாள் ஆய்வுகூடத்தின் கடல்மீன் தொட்டி வெடித்து ஒழுகியது. அதைத் திருத்தும்வரை ஆறு மீன்களையும் சிறிய தொட்டியொன்றுக்கு மாற்றினேன். கடல்நீர் போதாததால் கிணற்றுநீரில் கறியுப்பைக் கரைத்து ஊற்றினேன்.

சிறிது நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. பதறிப்போய், வாசலில் மீன் விற்றுக்கொண்டிருந்த முன்பின் அறியாத பெண்ணைக் கூப்பிட்டேன். அவர் தொட்டித் தண்ணீரை விரலால் தொட்டு ருசி பார்த்தார்.

"ரீச்சர், உது கறியுப்புக் கரைச்ச குசினித் தண்ணியெல்லோ? கடல்மீன் உதைத் தாங்காது. உங்கடை சைக்கிளையும் ரெண்டு தண்ணிக் கானையும் தாங்கோ. கூடையைப் பாத்துக்கொள்ளுங்கோ, வாறன்."

சற்றுத் தொலைவிலிருந்த கொழும்புத்துறைக் கடற்கரைக்குச் சைக்கிளில் போய், கடல்நீரோடு வியர்க்க வியர்க்க வந்தார். பழைய நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டெடுத்து, புதியதை மெதுவாக ஊற்றினார். மீன்கள் கீழே இறங்கி நீந்தத் தொடங்கின.

அதன் பிறகுதான் கூடையைப் பார்த்தேன். அதை நிழலில் வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவருடைய மீனெல்லாம் வெயிலில் பழுதாகியிருந்தது.

"பறவாயில்லை ரீச்சர். உதுகள் பிழைச்சிட்டுதுகள்தானே," என்று சொல்லிப் போய்விட்டார்.

மறுநாள், கறியுப்பு, வெயிலில் விட்ட கூடை என்ற என் இரண்டு பிழைகளையும் வகுப்பில் சொன்னேன். அன்றிலிருந்து, எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நான் வெட்கப்படுவதில்லை. என் பிழைகளுக்காக என்னைக் கடிந்துகொள்ளாமல், அந்தத் துணிவை எனக்குத் தந்தவர் அவர்தான்.