லாய்டின் மேக்னம் உதைக்காத காரணம்

அமெரிக்காவின் மோன்டானா மாநில அரசுக் கணக்கில் நோரீன் ‘வேலை இல்லாதவர்’. கணவன் லாய்டின் துப்பாக்கித் தோட்டாக்களுக்கெல்லாம் வெடிமருந்து நிரப்புவது அவள்தான்.

“உன் 300 மேக்னம் துப்பாக்கி எலிக்குத்தான்டா ஹார்லன்! எல்க் மானுக்கு என் 338 மேக்னம். அவ்வளவு பெரிய துப்பாக்கி, சுட்டா தோள்ல உதையே தெரியாது” என்று லாய்ட் பாரில் தினமும் பீற்றிக்கொள்வான். நேற்று ஹார்லன் பாருக்கு வெளியே அந்தத் துப்பாக்கியில் ஒரு தோட்டாவைச் சுட்டுப் பார்த்தான். “மேக்னமாடா இது? தாலாட்டுது!” என்றான். பாரே சிரித்தது.

வீட்டுக்கு வந்த லாய்ட், “அவன் சிரிச்சான், போகட்டும். கூடவே இருந்து நீ கழுத்தறுத்துட்டியேடி!” என்றான்.

“இனிமே பெரிய துப்பாக்கி தொடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னப்ப, தேம்பித் தேம்பி அழுதது யாரு?” என்றாள் நோரீன்.

தோள் அறுவைசிகிச்சைக்குப் பிறகு, உதை குறைந்து அவன் வேட்டையை விடாமலிருக்க, அவனிடம் சொல்லாமலே ஒவ்வொரு தோட்டாவிலும் அவள் மருந்தைக் குறைத்தாள். மான்கள் வித்தியாசம் தெரியாமல் விழுந்தன.