மூன்று முறை ஊதிய சங்கு

பாபநாசத்தை ஒட்டிய எங்கள் ஊரில் புழுங்கலரிசி மில்லை முதன்முதலில் கட்டியவர் என் பெரியப்பா. ஊராட்சித் தலைவராகவும் இரண்டு முறை இருந்தார். மூன்றாம் முறை நின்று தோற்ற நாள் எனக்கு மணிக்கணக்குத் தவறாமல் நினைவிருக்கிறது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. அவரைத் தோற்கடித்தது நான்தான் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

வாக்குப்பதிவன்று மில்லை மூடியிருக்கலாம். ஆனால் முதல் நாளே தொட்டியில் ஊறப்போட்ட நெல் தேர்தலுக்காகக் காத்திருக்காது, நாற்றமெடுத்துவிடும். விடிவதற்குள் அவித்துக் களத்தில் பரப்பியாயிற்று. களத்தில் வேலை செய்த பெண்கள் நாற்பது பேர். பாதிப் பாதியாக ஓட்டுப்போட அனுப்பலாம் என்றார் பெரியம்மா. பெரியப்பா கேட்கவில்லை. தன் மில் ஆட்கள் மொத்தமாக வரிசையில் நிற்பதை ஊர் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பதினோரு மணிக்கு எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். வாட்ச்மேனும் போனார். "ஆபீஸ் ரூமை விட்டு நகராதே பாப்பா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பெரியப்பாவும் கிளம்பினார்.

பதினொன்றே முக்காலுக்குக் கிழக்கே கறுத்தது. மழை வருகிறதென்றால் சங்கை மூன்று முறை விட்டுவிட்டு ஊதுவது மில் வழக்கம். எங்கிருந்தாலும் ஓடி வந்து நெல்லைக் குவித்துவிட வேண்டும். ஆபீஸ் ரூமிலிருந்த சங்கின் சுவிட்ச் என் கைக்கு எட்டியது. அழுத்தினேன்.

வரிசை அப்படியே கலைந்து ஓடி வந்தது. அதற்குள் ஓட்டுப் போட்டிருந்தவர்கள் ஐந்து பேர்தான். பலகையால் இழுத்துக் குவித்துத் தார்ப்பாய் போர்த்தவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டரைக்கு மழை விட்டது. பாய்லர் கொட்டகையில் ஒதுங்கியிருந்தவர்களிடம் பெரியப்பா வந்தார். வேட்டியில் முழங்கால் வரை சேறு.

"மழ விட்டுடுச்சும்மா. ஒரு எட்டு போயிட்டு வந்துடுங்க."

அவர்களிடம் அவர் 'ங்க' போட்டுப் பேசி அன்றுதான் கேட்டேன்.

"போறோம் மொதலாளி, சீல காயட்டும்" என்றார் அவர்களில் மூத்தவர். பெரியப்பாவின் தலை மறைந்ததும் மற்றவர்களிடம் திரும்பினார். "தை மாசம் நெல்லு காயவைக்க மெஷினு வருதாம்ல? நம்மளதான் வேணாங்கிறாரு. அது போயி குத்தட்டும் ஓட்டு!"

கொட்டகையே சிரித்தது. மெஷின் வரிசையில் நிற்பதை நினைத்து நானும் சிரித்தேன்.

இருபது சொச்சம் ஓட்டில் தோற்றார். வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. டிரையர் தையில் வந்தது. அந்தப் பெண்கள் திருப்பூருக்கும் செங்கல் சூளைகளுக்குமாகச் சிதறினார்கள். சில வருஷங்களில் மில்லும் நின்று, டிரையரைப் பழைய இரும்புக்கு எடுத்துப் போனார்கள். பெரியப்பா சாகும்வரை பள்ளிக்கூடத் தெருப்பக்கம் போகவில்லை.

ஊர் நடப்புகளைத் தேதி, நேரத்தோடு எழுதிவைப்பது என் பழக்கம். மழை விட்டது இரண்டரை. வாக்குப்பதிவு முடிந்தது ஐந்து. இந்த இரண்டையும் ஒரே வரியில் எழுதிப் பார்த்தபோது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். அந்த இரண்டரை மணி நேரமும் முப்பத்தைந்து பேர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று அதை ஓடி வந்த களைப்பு என்றுதான் நினைத்தேன். குடத்தைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போய், ஒவ்வொருவருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.