ஓரத்துச் சீட்டு

போன வருஷம் பங்குனியில், திருவனந்தபுரம் விமான நிலையத்து வெளிவாசலில், நல்ல உச்சி வெயிலில் நடந்தது இது.

எங்களுக்கு அருமனைப் பக்கம். வீட்டுக்கு ஒருத்தராவது வளைகுடாவில் இருப்பார்கள். நான் நாகர்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கிறேன், விமானம் என்றால் பைத்தியம். ரப்பர் தோட்டத்துக்கு மேலே சத்தம் கேட்டாலே என்ன ரகம் என்று சொல்லிவிடுவேன். அதனால் ஊரில் யார் டிக்கெட் எடுத்தாலும் சீட்டு பார்த்துக் கொடுப்பது நான்தான். எங்கள் ஆட்கள் போகிற விமானத்தில் உசந்த வகுப்பு கிடையாது. முன்னாலிருந்து பின்னால்வரை எல்லாம் ஒன்றுதான். அதற்குள்ளும் நல்ல சீட்டு, மோசமான சீட்டு உண்டு, அது எனக்குத் தெரியும் என்று ஒரு கர்வம். இறக்கை மறைக்காத வரிசை, கால் நீட்ட இடமுள்ள வரிசை என்று ஒரு நோட்டே வைத்திருந்தேன். அதில் கழிப்பறையை ஒட்டிய கடைசி வரிசைக்கு மட்டும் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி.

இருபத்திரண்டு வருஷம் வளைகுடாவில் டைல்ஸ் வேலை பார்த்த அப்பா, சர்க்கரை முற்றிப்போய், எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊருக்கு வருகிறார். போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“ஓரத்துச் சீட்டா பாத்துப் போடு மக்கா.”

பஸ்ஸில் எங்களுக்கு ஓரம் என்றால் சன்னல்தானே. யோசிக்கவே இல்லை. ஏழாவது வரிசை, இடதுபக்கச் சன்னல். இறங்கும்போது கடலும் கரையும் தென்னையும் அந்தப் பக்கம்தான். “வீடியோ எடுத்துட்டு வாங்கப்பா” என்று வேறு சொல்லிவைத்தேன்.

வெளியே வந்த அப்பாவின் பேன்ட் மடியிலிருந்து முழங்கால்வரை நனைந்திருந்தது. பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தவரின் பேன்ட்டும் அப்படியே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ரெண்டு பேரும் கடல்லயா எறங்குனிய?”

அப்பா சிரிக்கவில்லை. தண்ணீர் கொட்டிவிட்டது என்றார். நான் அடுத்துக் கேட்டது, சீட்டு எப்படி என்று.

“நல்ல சீட்டு மக்கா. எல்லாம் தெரிஞ்சுது.”

அப்பா காரில் ஏறியதும் அந்த மனிதர் என்னைத் தள்ளிக் கூட்டிப்போனார். இராஜாக்கமங்கலத்துக்காரர், அப்பாவை ஒட்டிய நடுச் சீட்டில் இருந்து வந்தவர்.

“தம்பி, அப்பாவுக்கு அடிக்கடி ஒண்ணுக்குப் போவணும், தெரியுமா? ரெண்டு தடவ நாங்க எழும்பி வழி விட்டோம். வழிப்பக்கம் இருந்த ஆளு மொகத்தச் சுளிச்சான். அதுக்கப்புறம் எங்கள எழுப்பச் சங்கடப்பட்டுட்டே இருந்துட்டாரு. கடைசில பெல்ட் லைட்டு போட்டுட்டாங்க. எழும்ப முடியல.”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அப்பமே அவன்கிட்ட சீட்டு மாறித் தரக் கேக்கேன்னு சொன்னேன். வேண்டாம், மவன் பாத்துப் போட்டுத் தந்த சீட்டு, வீடியோ கேட்டிருக்கான்னுட்டாரு. ஓரம்னு அவரு சொன்னது பிளேன்ல நடக்குற வழி ஓரத்த. நீ சன்னல்னு நெனச்சிட்ட. போட்டும், விடு. நீ தெரிஞ்சதா காட்டிக்காத.”

தண்ணீரைக் கொட்டியது அவர்தான். யாருக்கும் வித்தியாசம் தெரியக் கூடாதென்று பாட்டிலைத் திறந்து அப்பா மடியிலும் தன் மடியிலும் கவிழ்த்திருக்கிறார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது பஸ் நிற்கிற பக்கம் நடந்துகொண்டிருந்தார், பேன்ட் காலோடு ஒட்டிக்கொண்டு.

வீடியோ அப்பாவின் போனில் இருக்கிறது. நாற்பது விநாடி. கடல், அலை, தென்னை, பிறகு ஓடுபாதை. பின்னால் அந்த மனிதர் மெதுவாக, “விடுங்க அண்ணாச்சி, ஒண்ணுமில்ல” என்கிறார். சன்னலுக்கு வெளியே எல்லாம் நான் சொன்ன மாதிரியே இருக்கிறது.

அந்த நோட்டை நான் பிறகு தொடவில்லை. விமானத்தில் எல்லாச் சீட்டையும் தெரிந்துவைத்திருந்தேன். அதில் உட்காரப் போகிறவரை ஒரு கேள்வி கேட்கவில்லை. சிவப்புப் பெருக்கல் போட்ட அந்தக் கடைசி வரிசைதான் அப்பாவுக்கு வேண்டியிருந்தது.

இப்போதும் மாதம் ஒரு தடவை நாகர்கோவிலுக்கு ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போகிறோம். அப்பா ஏறியதும், “நீ ஓரத்துல இரி மக்கா, உனக்கு வெளிய பாக்கணும்லா” என்று எனக்கு வழிவிட்டு நிற்பார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டால் அவர் மறைத்த மானத்தை நானே உருவிப்போட்ட மாதிரி ஆகும். அதனால் ஒவ்வொரு மாதமும் அந்தச் சன்னலோரத்தில் போய் உட்காருகிறேன், வெளியே ஒன்றுமே பார்க்க முடியாமல்.